விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா?

பிப்ரவரி 3, இரவு 9.50 – கேள்விக்குறி

நாலு மாதம் ஒழுங்காகப் போன நடை, எடைப் பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம் எல்லாம் ஒரு காய்ச்சலில் மூன்று வாரம் நின்றுபோனால் திரும்ப எங்கிருந்து தொடங்குவது? விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா? 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். அப்படியானால் 21 நாள் விட்டால் அழிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாமா? விட்டதை ஈடுகட்ட ஒரு மாதம் தினமும் இரண்டு வேளை செய்வது சரியாக வருமா?

பிப்ரவரி 3, இரவு 10.35 – மெதுநடை

இரண்டு வேளை வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் அந்த யோசனையைக் கைவிடுங்கள். மூன்று வாரம் விட்டதில் போனது கொஞ்சம்தான். அதை ஈடுகட்டப் போய்த்தான் பெரும்பாலானவர்கள் இன்னும் மூன்று வாரம் உட்காருகிறார்கள்.

அந்த 21 வந்த கதை சின்னது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதினார்: முக அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று. நாளடைவில் ‘குறைந்தது’ உதிர்ந்தது, ‘முகம்’ உதிர்ந்தது, 21 மட்டும் மிஞ்சியது. நடைப்பயிற்சிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பழக்கத்தை உண்மையிலேயே அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு. 96 பேர், 12 வாரம், முடிவு 2010-இல் அச்சில் வந்தது. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வரச் சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்த வரிதான்.

பிப்ரவரி 4, காலை 6.20 – பழையகணக்கு

12 வாரம் என்றால் 84 நாள். 84 நாள் நடந்த ஆய்வில் 254 எப்படி வந்தது? வளைகோட்டை நீட்டிப் போட்ட மதிப்பு அது. 66 என்பதும் சராசரி இல்லை, இடைநிலை. அப்புறம், ஒரு நாள் விட்டதைப் பற்றிய முடிவை மூன்று வாரம் விட்டவருக்கு ஆறுதலாகச் சொல்கிறீர்களே, அது எப்படி?

பிப்ரவரி 4, காலை 7.05 – மெதுநடை

மூன்றும் சரி. 66 என்பது வரிசையின் நடுவில் நிற்பவரின் கணக்கு, 254 நீட்டிப் போட்டது. திருத்திக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுத்திருக்கக் கூடாது.

ஆனால் கேள்வியிலேயே இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. உடம்பின் திறன் வேறு, பழக்கம் வேறு. திறன் இறங்குவது எத்தனை நாள் விட்டோம் என்பதைப் பொறுத்தது. பழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பது இடத்தோடும் நேரத்தோடும், அதற்கு முன்னால் செய்யும் வேலையோடும். அதே வீடு, அதே அலாரம், ஷூ அதே மூலையில் என்றால் மூன்று வாரம் கழித்தும் கால் பாதி வழி தானாகப் போகும். வேலை நேரம் மாறியிருந்தாலோ வீடு மாறியிருந்தாலோ மூன்றே நாள் விட்டிருந்தாலும் புதிதாகத்தான் கட்ட வேண்டும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, பழைய தூண்டுதல் அப்படியே இருக்கிறதா என்று. இருந்தால் பழக்கத்தை விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம். திறனை மட்டும் கீழிருந்து ஏற்றுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.10 – மெதுநடை

திறன் பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ‘எல்லாம் போச்சு’ என்ற நினைப்பு பிறக்கும் இடம் இதுதான்.

முதலில் இறங்குவது மூச்சும் இதயமும். பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், அதே வேகத்துக்கு நாடி கூடுகிறது. முன்பு பேசிக்கொண்டே ஏறிய மேட்டில் இப்போது நின்று மூச்சு வாங்குகிறீர்கள் என்றால் பெரும்பகுதிக்குக் காரணம் இதுதான், நாலு மாத உழைப்பு ஆவியானதால் அல்ல. நல்ல செய்தி, திரும்ப ஆரம்பித்தால் முந்திக்கொண்டு வருவதும் பிளாஸ்மாதான். ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

எண்ணாக வேண்டுமென்றால், எட்வர்ட் கோய்ல் குழு 1984-இல் வெளியிட்டது இருக்கிறது. நெடுநாள் பயிற்சி எடுத்தவர்களை 84 நாள் சும்மா இருக்கச் சொல்லி அளந்தார்கள். கடும் உழைப்பில் உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் சுமார் 7 சதவீதம் இறங்கியது, 56-ஆம் நாளில் 16 சதவீதம், பிறகு அதே மட்டத்தில் நின்றுவிட்டது. பல வருடம் பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். நாலு மாதத்தில் ஏறியது புதுச் சரக்கு, அதில் கூடுதல் பங்கு கழியலாம். ஆனாலும் தரைமட்டம் இல்லை.

பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. வழக்கமான நடமாட்டத்தோடு பயிற்சியை மட்டும் விட்டவருக்கு மூன்று நாலு வாரம் வரை பெரும்பாலும் அப்படியே நிற்கும். படுத்த படுக்கையாக இருந்தவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. வயது கூடக் கூட, படுக்கையில் தசை கரையும் வேகமும் கூடும்.

எல்லாரும் மறப்பது தசைநாண், தசையை எலும்போடு கட்டும் கயிறு. தசையும் இதயமும் இரண்டு வாரத்தில் உற்சாகமாகிவிடும். குதிகால் நாணும் முழங்கால் நாணும் அந்த வேகத்துக்கு வராது. அதனால் திரும்பி வருபவர் அடிபடுவது முதல் நாளில் அதிகம் இல்லை; இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், ‘பழைய ஃபார்முக்கு வந்துட்டேன்’ என்று வேகத்தைக் கூட்டும் அன்றைக்கு. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து அடியில் குதிகால் விறைப்பாக வலித்தால், அது கொடுக்கும் நோட்டீஸ். அந்த வாரம் அளவைக் கூட்டாதீர்கள், மேட்டு நடையையும் ஓட்டத்தையும் நிறுத்துங்கள், சமதள நடை போகலாம்.

பிப்ரவரி 5, காலை 6.40 – மெதுநடை

இனி அளவு. அமெரிக்காவில் உடற்பயிற்சிப் பயிற்றுநர்களின் இரண்டு சங்கங்கள் 2019-இல் சேர்ந்து கல்லூரி விளையாட்டு வீரர்களுக்காக ஒரு வழிகாட்டி போட்டன. இடைவெளிக்குப் பிறகு வருபவருக்கு முதல் வாரம் முழு அளவில் 50 சதவீதம் கழி, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நாலாம் வாரம் 10. நினைவில் வைக்க எளிது.

வாரத்துக்கு 5 நாள், தலா 40 நிமிஷம் நடந்தவருக்கு முழு அளவு 200 நிமிஷம். முதல் வாரம் 100, பிறகு 140, 160, 180, ஐந்தாம் வாரம் 200. முதல் வார 100-ஐ எப்படிப் பிரிப்பது என்பதில்தான் ஆட்கள் தவறு செய்கிறார்கள். இரண்டு நாள் 50, 50 என்று முடித்துவிட்டு ‘இலக்கு ஆச்சு’ என்பார்கள். வேண்டாம். ஐந்து நாள், 20 நிமிஷம். நாள் எண்ணிக்கையைக் குறைக்காமல் நிமிஷத்தைக் குறைத்தால் பழக்கத்தின் சங்கிலி பழையபடி ஓடும், உடம்புக்கும் பாரம் இல்லை.

வேகத்துக்குக் கருவி வேண்டாம். பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. முதல் வாரம் பாடவே வந்தாலும் பரவாயில்லை.

எடைப் பயிற்சிக்கு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரே ஒரு செட், அதாவது இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று. பழைய எடையில் பாதி, மிஞ்சினால் 60 சதவீதம். இன்னும் நாலைந்து தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே வைத்துவிடுங்கள். அடுத்தது 48 மணி நேரம் கழித்து.

பிப்ரவரி 5, காலை 8.15 – பழையகணக்கு

ஒரு செட்டுக்காக ஷூ மாட்டி, துண்டு எடுத்து, தண்ணீர் பாட்டில் நிரப்பி... ஏற்பாட்டுக்கே பத்து நிமிஷம், தூக்குவது ஒரு நிமிஷம். கல்யாணத்தைவிடப் பந்தல் பெரிசு.

பிப்ரவரி 5, மதியம் 1.30 – மெதுநடை

பந்தல் போடுவதுதான் முதல் வாரத்து வேலை. மாப்பிள்ளை பிறகு வரட்டும்.

விளையாட்டு போகட்டும், அந்த ஒரு செட்டுக்கு வேறு நியாயமும் இருக்கிறது. இடைவெளிக்குப் பிறகு வரும் தசைவலி அன்றைக்கே தெரியாது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். அதிகம் கிளப்புவது எடையைத் தூக்குவது அல்ல, மெதுவாக இறக்குவது. படி ஏறுவதைவிடப் படி இறங்குவது, உட்கார்ந்து எழும் பயிற்சியில் உட்காரும் பாதி. ஆனால் ஒரு தடவை கொஞ்சமாகப் பட்டுவிட்டால் அதே அசைவு அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு வலியைக் கொடுப்பதில்லை. தடுப்பூசி மாதிரி. திங்கள்கிழமை போடும் ஒரு செட், அடுத்த வாரம் போடப்போகும் மூன்று செட்டுக்குக் காப்பு.

மாறாகத் திங்களன்றே பழைய மூன்று செட்டைப் போட்டால் புதன்கிழமை கழிப்பறையில் உட்காரக் கையை ஊன்ற வேண்டியிருக்கும். வியாழன் பயிற்சி போச்சு, சனி சந்தேகம்.

வலியிலேயே ஒரு வகைக்குப் பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சே கூடாது. சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போவது, தசை வீங்கி இறுகுவது, கையையோ காலையோ தூக்க முடியாத பலவீனம். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் ராப்டோமயோலிசிஸாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே வெறியோடு செய்பவர்களுக்கு வருவது இது. மேலே சொன்ன 50-30-20-10 பிறந்ததும் இந்த மாதிரி ஆபத்துகளைப் பார்த்துத்தான்.

பிப்ரவரி 5, இரவு 9.20 – மெதுநடை

காலையில் எழுதியதில் ஒரு விடுபாடு. நாலு நாள் வெளியூர் போய் வந்தவர் இந்த நாலு வாரப் படியை ஏற வேண்டியதில்லை. என் அளவுகோல்: ஒரு வாரத்துக்குள் என்றால் முதல் நாள் மட்டும் லேசாக, பிறகு பழையபடி. ஒன்றிலிருந்து இரண்டு வாரம் என்றால் 30 கழித்த படியிலிருந்து. அதற்கு மேல் என்றால் பாதியிலிருந்து. இது வழிகாட்டியில் உள்ள வாசகம் இல்லை, கைப்பழக்கத்தில் வந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு என்பதால் இன்னொன்று. மாத்திரை போடாமலே சூடு இயல்பாக இருக்க வேண்டும், குளிப்பது, ஒரு மாடி ஏறுவது போன்ற அன்றாட வேலை களைப்பில்லாமல் நடக்க வேண்டும். அதன் பிறகுதான் வாரம் ஒன்று என்று எண்ணத் தொடங்குவது. நெஞ்சில் வலி, காரணமில்லாத படபடப்பு, தலை கிறுகிறுப்பு இருந்தால் பயிற்சிப் பேச்சை விட்டு மருத்துவரைப் பாருங்கள். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும். வேறொரு கூட்டமும் உண்டு: அன்றைக்கு நன்றாக நடந்துவிட்டு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து அடித்துப்போட்ட மாதிரி ஆகிறவர்கள். அவர்களுக்கு ‘வாரா வாரம் ஏற்று’ என்ற அட்டவணையே தவறு. ஏற்ற ஏற்றக் கீழே போவார்கள்.

பிப்ரவரி 6, காலை 7.00 – கேள்விக்குறி

புரிகிறது. ஆனால் எடை மெஷினைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. காய்ச்சலில் இறங்கிய எடை, சாப்பாடு தாறுமாறாகப் போன கடைசி நாலு நாளில் 2 கிலோ ஏறியிருக்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதை.

பிப்ரவரி 6, காலை 7.40 – மெதுநடை

சறுக்கியது முழமா என்று அளந்து பாருங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. 2 கிலோவுக்கு 15,400. நாலு நாளில் என்றால், உடம்புக்குத் தேவையானதைச் சாப்பிட்டுவிட்டு அதற்கு மேல் நாளுக்கு 3,850 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். தாறுமாறு என்றாலும் அந்த அளவுக்கா?

பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் கிளைகோஜனாகச் சேர்க்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கின்றன. சரியாகச் சாப்பிடாமல் காலியான 400 கிராம் நிரம்பினால் அதிலேயே 1.6 கிலோ ஏறிவிடும். உப்பு அதிகமான சாப்பாடு என்றால் அதற்கும் தண்ணீர் நிற்கும். சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, உடம்பின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். கூடுதலாக 4, 5 கிராம் போனால் சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை அரை லிட்டர் தங்கும்.

அதனால் முதல் ஒரு வாரம் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். எட்டாம் நாளிலிருந்து காலையில், கழிப்பறை போய் வந்த பிறகு, ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். ஒன்றையும் எதிர்பாருங்கள்: எடைப் பயிற்சி திரும்ப ஆரம்பித்த வாரம் வலிக்கும் தசையும் கொஞ்சம் தண்ணீர் பிடிக்கும். ஒழுங்காக இருந்தும் எண் ஏறும். அங்கே பலர் கைவிடுகிறார்கள்.

பிப்ரவரி 6, இரவு 11.05 – பழையகணக்கு

எண்களெல்லாம் சரி அண்ணே. ஆள் கைவிடுவது எண் தெரியாமல் இல்லை. ஒரு வேளை தப்பினால் ‘முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு’ என்று அன்றைக்கு முழுக்கத் தப்புவதுதான் பிரச்சினை. அதற்கு மருந்து சொல்லுங்கள்.

பிப்ரவரி 7, காலை 6.30 – மெதுநடை

முக்காடு பழமொழி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இதை ஆய்வுக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். 1975-இல் ஹெர்மனும் மேக்கும் பெண்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்ஷேக் குடிக்காத சமயத்தைவிட அதிகம் சாப்பிட்டார்கள். கட்டு உடைந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது.

உளவியலாளர் ஆலன் மார்லட் குடி, புகை விட்டவர்களிடம் இதையே வேறு கோணத்தில் பார்த்தார். அவர் சறுக்கலையும் வீழ்ச்சியையும் பிரித்தார். சறுக்கல் ஒரு சம்பவம். ‘நான் இப்படித்தான், எனக்கு மன உறுதி கிடையாது’ என்று அதற்குக் காரணத்தைத் தன் குணத்தில் தேடும்போது அது வீழ்ச்சியாகிறது. ‘பசியோடு போனேன், தட்டு கண்ணெதிரே இருந்தது’ என்று காரணத்தைச் சூழலில் பார்த்தால் சரிசெய்ய ஏதாவது கையில் கிடைக்கும்.

செய்முறை இதுதான். சறுக்கிய அரை மணி நேரத்துக்குள் ஒரே வரி எழுதுங்கள்: மணி என்ன, எங்கே, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் என்ன நடந்தது. அவ்வளவே. வருத்தம், சபதம் எதுவும் அந்த வரியில் வேண்டாம். நாலைந்து வரி சேர்ந்ததும் அடுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே நேரமோ ஒரே இடமோ திரும்பத் திரும்ப வரும். அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. பட்டினி கிடந்து ஈடுகட்டினால் ராத்திரி பத்து மணிக்குப் பசி வட்டியோடு வசூல் செய்யும்.

தன்னைத் திட்டிக்கொள்வதும் வேலை செய்யாது. ஆடம்ஸும் லியரியும் 2007-இல் டோநட் கொடுத்துப் பார்த்ததில், ‘எல்லாரும் சில சமயம் சாப்பிடுகிறோம், உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்’ என்று சொல்லப்பட்டவர்களில், குற்ற உணர்வுக்கு ஆளாகும் டயட்காரர்கள் பிறகு மிட்டாயைக் குறைவாகவே எடுத்தார்கள். விட்டுக்கொடுத்தால் தலைக்கு மேல் ஏறும் என்ற பயத்துக்கு நேர்மாறு.

பிப்ரவரி 8, இரவு 9.00 – மெதுநடை

தூக்கத்தை மறந்துவிட்டோம், கேள்வியில் இருக்கிறது.

இரவு 10.30-க்குப் படுத்தவர் இப்போது 1.30-க்குப் படுத்து 8.30-க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கே 10.30-க்குப் போய்ப் படுத்தால் மூன்று மணி நேரம் விட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். படுக்கை என்றால் புரளும் இடம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். எழும் நேரத்தைப் பிடியுங்கள், படுக்கும் நேரம் பின்னால் வரும். இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை மணி முன்னால் எழுங்கள்: 8, 7.30, 7, 6.30, 6. பத்து நாள். ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே நேரம். தூக்கம் கண்ணை அழுத்தும்போது மட்டும் படுங்கள். சுமார் இருபது நிமிஷத்தில் வரவில்லையென்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். பகல் தூக்கம் இருபது நிமிஷம், மூன்று மணிக்கு முன்.

காபி உடம்பில் பாதியாகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி ராத்திரி 10-க்கும் இருக்கும்.

பிப்ரவரி 8, இரவு 9.45 – பழையகணக்கு

ஏன் பத்து நாள்? ஒரேயடியாக நாளைக்கு 5 மணிக்கு எழுந்து வெயிலில் நின்றால் மூன்று நாளில் சரியாகாதா? விடியல் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும் என்று நீங்களே சொல்வீர்களே.

பிப்ரவரி 9, காலை 6.10 – மெதுநடை

இழுக்கும், சரியான நேரத்தில் பட்டால். உடம்பின் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் தருணம், வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வருகிறது. அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தும். அதற்கு முன்னால் படும் வெளிச்சத்தை உடம்பு ‘இன்னும் சாயங்காலம்’ என்று எடுத்துக்கொண்டு பின்னுக்குத் தள்ளும். 8.30-க்கு விழிக்கிறவருக்கு அந்தத் தருணம் 5.30, 6.30 வாக்கில். 5 மணிக்கு எழுந்து பிரகாசமான விளக்கைப் போட்டால் அவருக்கு நடப்பது நடு ராத்திரியில் விளக்குப் போட்ட கதை. அரை அரை மணியாக நகர்ந்தால் அந்தத் தருணமும் கூடவே நகரும், வெளிச்சம் எப்போதும் சரியான பக்கத்தில் படும். விழித்தவுடன் வாசலுக்கு வந்து இருபது, முப்பது நிமிஷம். அந்த 20 நிமிஷ நடையை அங்கேயே வைத்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு.

பிப்ரவரி 10, இரவு 8.30 – மெதுநடை

நேரில் தனியாகக் கேட்டவருக்கு, இங்கேயே. புகை விட்டு ஆறு வாரத்தில் ஒன்று பிடித்துவிட்டால் நிக்கோடின் பேட்ச்சைக் கழற்ற வேண்டுமா? வேண்டாம். அது அங்கேயே ஒட்டியிருக்கட்டும். கழற்றினால் இரண்டாவது சிகரெட்டுக்கு வழி திறப்பதுதான் மிச்சம். பாக்கெட்டில் மீதியிருப்பதைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். நனைக்காமல் போட்டால் கை குப்பைத்தொட்டிக்கும் போகும். தேதியை மாற்றி ‘நாளையிலிருந்து முதல் நாள்’ என்று எண்ண வேண்டாம். 42 நாளில் 41.

பிரஷர், சர்க்கரை மாத்திரை விட்டுப்போனவர்கள், விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். பல நாள் விட்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சில மருந்துகளைத் திரும்பவும் சின்ன அளவிலிருந்துதான் ஏற்றுவார்கள். தினமும் கூடுதலாகக் குடித்துவந்தவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். அதற்கும் மருத்துவர்தான்.

பிப்ரவரி 12, காலை 7.15 – மெதுநடை

42-இல் 41 என்று எழுதிய பிறகு யோசித்தது. தொடர் நாள் எண்ணும் ஆப்கள் செய்யும் அநியாயம் அதுதான். 119 நாள் ஓடி ஒரு நாள் விட்டால் திரையில் 0. உடம்பில் 0 ஆகவில்லை, பழக்கத்திலும் ஆகவில்லை, எண் மட்டும் ஆகிறது. சுவரில் ஒரு தாள் போதும். கடைசி 14 நாளில் எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். ஒன்று விட்டால் 11 என்பது 10 ஆகும். வலிக்காது, ஆனால் தெரியும்.

இலக்கிலேயே ஓட்டை விட்டு வைப்பது இன்னும் நல்லது. வாரம் 7 நாள் இலக்கு, அதில் 2 அவசரச் சலுகை. ஷரீஃப், ஷூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-இல் காட்டியது, இப்படிச் சலுகை வைத்துக்கொண்டவர்கள், சலுகையில்லாத கடினமான இலக்கு வைத்தவர்களைவிடவும், முதலிலேயே 5 நாள் என்று எளிதாக வைத்தவர்களைவிடவும் தாக்குப்பிடித்தார்கள். சலுகையைச் செலவழிக்கவும் மனசு வராது போல.

பிப்ரவரி 12, இரவு 10.00 – பழையகணக்கு

‘இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாதே’ என்ற விதி?

பிப்ரவரி 13, காலை 6.25 – மெதுநடை

வசதியான விதி. ஆனால் வேதவாக்கு ஆக்கினால் நூறு டிகிரிக் காய்ச்சலில் நடக்கப் போவார்கள். விதியைவிட, முன்கூட்டியே எழுதிய ஏற்பாடு உதவும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதியதிலிருந்து நிறைய முறை சோதித்த விஷயம்: ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்ற வடிவம். 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் தெளிவாக நின்றது.

‘இனி ஒழுங்காக நடப்பேன்’ என்பதில் பிடி இல்லை. ‘பல் துலக்கி பிரஷ்ஷை வைத்ததும் ஷூ மாட்டுவேன்’ என்பதில் இருக்கிறது. கூடவே விட்டுப்போன நாளுக்கும் ஒன்று: ‘நேற்று நடக்கவில்லை என்றால், இன்று அதே நேரத்துக்கு 10 நிமிஷம், தெருக்கோடி வரை போய்த் திரும்புவேன்.’ 10-தான், 40 இல்லை, 80 சத்தியமாக இல்லை. இரண்டாவது வாக்கியத்தை எழுதாமல் விடுவதுதான் பொதுவான குறை. இதை நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் எழுதி வைக்க வேண்டும், சறுக்கிய அன்றைக்கு யாருக்கும் கை வராது.

பிப்ரவரி 13, காலை 6.50 – மெதுநடை

மேலே நூறு டிகிரி என்றது ஃபாரன்ஹீட்டில். செல்சியஸ்காரர்கள் 38 என்று படிக்கவும், இல்லையென்றால் ஆவியாகிவிடுவார்கள்.

பிப்ரவரி 17, இரவு 9.30 – கேள்விக்குறி

முதல் வாரம் 100 நிமிஷத்தில் 90 ஆனது. ஐந்து நாளில் ஒரு நாள் 10 நிமிஷ நடைதான். அடுத்த வாரம் 140-க்குப் போகலாமா, அந்தப் பத்தையும் சேர்த்து 150-ஆ?

பிப்ரவரி 17, இரவு 9.42 – மெதுநடை

140. ஐந்து நாள், தலா 28. மேட்டுப் பக்கம் இன்னும் வேண்டாம்.